தள்ளுபடி மால்

என் வீட்டுக்காரர் குழாய்த் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். வரிசையாக வரும் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருகிப் பார்ப்பார், தண்ணீர் விட்டுப் பார்ப்பார், காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். சரியில்லை என்று பட்டால் சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சாக்குக்கட்டியை எடுத்துப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கூடையில் எறிவார். அந்தக் கூடையில் விழும் சரக்குக்கு அங்கே ‘தள்ளுபடி மால்’ என்று பெயர். இருபத்தொரு வருடமாக இதே வேலை. அவர் கைபட்டு வெளியே போன குழாய் ஒன்றுகூட ஒழுகியதில்லை என்று முதலாளி வருடா வருடம் மைக்கைப் பிடித்துச் சொல்வார். இவரும் தாடையை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வருடமாக ஒழுகுகிறது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன். புதுக்குழாய் வாங்கக் கடைக்குப் போவார், பத்துக் குழாயைத் திருகுவார், பத்திலும் ஒரு நொட்டை கண்டுபிடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்.

“நல்லவேளை, ஏமாறாம வந்துட்டேன்” என்பார், எதையோ வென்று வந்தவர் மாதிரி.

இந்த மனிதர் வாழ்நாளில் சாதித்ததை எழுதச் சொன்னால், வாங்காமல் வந்த சாமான்களின் பட்டியலைத்தான் எழுத வேண்டும். மின்விசிறி, கட்டில், எனக்கு ஒரு ஜோடி செருப்பு. என்னை மட்டும் எப்படிக் கட்டிக்கொண்டார் என்று கேட்பீர்கள். என்னைத் தேர்ந்தெடுத்தது அவருடைய அக்கா. அவர் பொறுப்பில் விட்டிருந்தால் கழுத்தைத் திருகிப் பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் ஆடுது’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

எங்கள் மகள் பத்தாம் வகுப்பு. அவள் பள்ளியில் அடுத்த வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் பன்னிரண்டே இடம். சேர விரும்புகிறவர்கள் ஏதாவது ஒரு விஷயத்தை ஆராய்ந்து, டைப் அடித்து, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை வகுப்பில் திரையில் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவள் எடுத்துக்கொண்டது எங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தம். காலையும் மாலையும் அங்கே போய் நின்று, எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்தாள். அதைக் கட்டம் கட்டமாகப் போட வேண்டும். என்னுடைய விரிசல் விட்ட கைபேசியில் இரண்டு கட்டைவிரலை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் போடுவாள்?

“அம்மா, சின்னதா, மலிவா ஒரு லேப்டாப் போதும்மா. டைப் அடிக்கணும், கட்டம் போடணும். அவ்வளவுதான்” என்றாள்.

அது போதும் என்று எனக்கும் தெரியும். நான் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருக்கிறேன். யாருக்கு எப்போது பல் பிடுங்குவது என்பதையெல்லாம் கையகல லேப்டாப் ஒன்றில்தான் அடித்து வைக்கிறேன். ஆனால் என்னைக் கேட்டது யார்? வீட்டில்தான் ஒரு தர நிபுணர் இருக்கிறாரே!

“அவசரப்படாதீங்க. நான் பார்த்துச் சொல்றேன்” என்றார் நிபுணர்.

ஏழு வாரம் பார்த்தார். தொழிற்சாலைக் காவலாளியைக் கேட்டார், முடிவெட்டுகிறவரைக் கேட்டார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்டார். முந்தின நாள்தான் காதில் விழுந்த ‘ராம்’, ‘பிராசசர்’ என்ற சொற்களை மறுநாள் எங்களுக்குப் பாடம் எடுத்தார். சின்னது என்றால் மூளையும் சின்னதாகத்தான் இருக்கும் என்றார். மலிவு என்றால் மலிவாக விற்க ஏதோ காரணம் இருக்கும் என்றார். ஒருநாள் எங்களையும் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒவ்வொரு லேப்டாப்பின் மூடியையும் இருபது தடவை திறந்து மூடினார், முதுகில் விரலை மடக்கித் தட்டினார், காதருகே வைத்து ஆட்டினார்.

விற்பனைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “சார், தட்டிப் பார்த்து வாங்க இது தேங்காய் இல்ல சார்” என்றாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மட்டும் நிதானமாக எட்டாவது லேப்டாப்பைக் கையில் எடுத்தார்.

கெடு முடிய ஒரே வாரம் இருந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அதே கடைக்குப் போனேன். சாம்பல் நிறத்தில், பதினோரு அங்குலத் திரையோடு, பள்ளிப்பையில் அடங்குகிற மாதிரி ஒன்று இருந்தது. போன வருடத்து மாடல் என்பதால் விலையைக் குறைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் ‘தள்ளுபடி’ என்று ஒட்டியிருந்தது. பத்தே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது அப்படி ஒரு சந்தோஷம்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆறு நாள் அந்த லேப்டாப் இருந்த மேசைப் பக்கம்கூடத் திரும்பவில்லை. மகள் ஆறு மாலையும் அதே மேசையில் உட்கார்ந்து பத்தொன்பது பக்கம் அடித்தாள். கட்டங்களுக்கு வண்ணமெல்லாம் கொடுத்தாள். புதன்கிழமை முடித்துவிட்டு, “அம்மா, பதினேழாம் நம்பர் பஸ் ஒருநாள்கூட நேரத்துக்கு வரலம்மா!” என்று சிரித்தாள். லேப்டாப்பையே எடுத்துப் போய்த் திறந்து காட்டப்போகிறாள் என்பதால், வேறெங்காவது ஒரு நகல் போட்டு வைக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அதற்காக என்னையும் நான் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. நான் மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது, திருடனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேசை காலியாக இருந்தது.

“லேப்டாப் எங்கங்க?”

“திருப்பிக் கொடுத்துட்டேன். ஏழு நாளுக்குள்ள கொடுக்கலாம்னு பில்லுலயே போட்டிருக்கு. இன்னிக்குத்தான் கடைசி நாள். நான் பார்க்கலன்னா அம்மாவும் பொண்ணும் நல்லா ஏமாந்திருப்பீங்க.”

“எதுக்குத் திருப்பிக் கொடுத்தீங்க?”

“பெட்டி மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சியா? தள்ளுபடி! கொட்டை எழுத்துல ஒட்டி உன் தலையில கட்டியிருக்கான்.”

“விலை குறைச்சிருக்கான்னு அர்த்தங்க!”

“எனக்கே அர்த்தம் சொல்றியா? தள்ளுபடின்னு ஒதுக்குன மாலைத்தானே விலை குறைச்சு விப்பான்? இருபத்தொரு வருஷமா தள்ளுபடி போடுறவன் நான். பேரு வெச்சதே நாங்கதான்.”

அதற்குள் மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். வாசலிலேயே பாதி கேட்டிருக்கிறாள். பையைக்கூட இறக்கவில்லை.

“அப்பா, கொடுக்கிறதுக்கு முன்னாடி திறந்து பார்த்தீங்களா?”

“திறக்காமயா? இருபது தடவை திறந்து மூடினேன். நான் நினைச்ச மாதிரியே கீல் லேசா ஆடுது.”

“உள்ள என்ன இருந்துச்சுன்னு பார்த்தீங்களாப்பா?”

உள்ளே ஏதாவது இருக்கும் என்ற நினைப்பே அந்த மண்டைக்குள் போனதில்லை.

நானும் மகளும் கடைக்கு ஓடினோம். அதே விற்பனைப் பெண்தான் இருந்தாள். “திரும்பி வந்தா உடனே எல்லாத்தையும் அழிச்சிடுவோம்மா. அதுதான் எங்க வழக்கம். உள்ள ஏதாவது இருக்கான்னு சார்கிட்ட கேட்டேன். ஒண்ணும் இல்ல, புது மால்தான்னு சொன்னார்” என்றாள். அவளை என்ன சொல்வது? மகள் ‘சரிக்கா’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை, நினைவில் இருந்ததையும் நோட்டில் குறித்திருந்ததையும் வைத்து நாலு பக்கம் கையால் எழுதி எடுத்துப் போனாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளியில் பட்டியல் ஒட்டினார்கள். பன்னிரண்டு பெயரில் அவள் பெயர் இல்லை. இவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “விடு, இதைவிட நல்ல பிரிவா பார்த்துச் சேர்த்துடலாம். நான் விசாரிக்கிறேன்” என்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அவருடைய சீருடைச் சட்டையை இஸ்திரி போட எடுத்தேன். வெளிர்நீலச் சட்டை. பையில் இருந்த சாக்குக்கட்டியைக் காணோம். திருப்பிப் போட்டால் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கோடு கொஞ்சமும் கோணாமல் அழுத்திப் போட்டிருந்தாள்.

மகள் ஜன்னலோரம் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். துவைத்துக் காயப்போட நேரம் இருந்தது, மாற்றுச் சட்டையும் இருந்தது. நான் குறி கலையாமல் பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்டு, முன்பக்கம் தெரியும்படி மடித்து அவரிடம் நீட்டினேன்.

வாங்கியவர் வழக்கம்போல் ஒவ்வொரு பொத்தானையும் இழுத்துச் சரிபார்த்தார். காலரைத் தடவிப் பார்த்தார். திருப்தியாகப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அந்தத் தொழிற்சாலையில் நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அந்தக் குறிக்கு அர்த்தம் தெரியாதவர் அவர்களில் ஒருவரும் இல்லை. மாலை சங்கு ஊதும்வரை ஒருவர்கூட அவரிடம் எதுவும் சொல்லவில்லையாம்.