மரியசெல்வம் கட்டிய கடிகாரம்

முப்பதாம் நாள் பூசையில்தான் அல்போன்சா அதைக் கண்டாள். இறந்துபோன கணவனின் அண்ணன் மரியசெல்வம் கைகூப்பியபோது சட்டைக்கை விலகியது. மணிக்கட்டில் அவள் புருஷனின் கடிகாரம்.

அந்தோணிராஜ் விமானப்படையில் பன்னிரண்டு வருஷம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன். அவன் பழுது பார்த்த விமானத்தில் பறந்த விமானி ஒருவர், ஓய்வு பெற்றபோது தன் கையிலிருந்து கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டது அது. விமானிகளுக்கென்றே வெளிநாட்டில் செய்தது. கறுப்பு முகம், சுற்றிலும் திருகுகிற வளையம். சாவி கொடுக்க வேண்டாம், கை அசைய அசையத் தானே ஓடும். 1983இல் சின்னாளப்பட்டி விலக்கில் லாரி மோதிய அன்றும் அதைத்தான் கட்டியிருந்தான். ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் மரியசெல்வம்.

கோயில் வாசலிலேயே கேட்டாள். "அத்தான், அது அவுக வாட்ச்சு."

"தம்பி எனக்குக் குடுத்தது. பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வாட்ச்சு? போய்ச் சோலியப் பாரு."

அதோடு இரு வீட்டுக்கும் பேச்சு முறிந்தது.

மரியசெல்வம் வெங்காய மண்டியில் நாள் முழுக்கத் திண்டில் சாய்ந்தே இருப்பவர். அசையாத கையில் கடிகாரம் அடிக்கடி நின்றது. ரிப்பேர் என்று நினைத்து கிதர் முகம்மதுவின் வாட்ச் கடையில் கொடுத்தார். பின்மூடியைத் திறந்த பாய், முன்பொரு முறை சர்வீசுக்கு வந்தபோது தாம் உள்ளே ஊசியால் கீறி வைத்திருந்த அந்தோணிராஜின் பெயரைக் கண்டார். அல்போன்சா வேலை பார்த்த நூல் மில்லுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் வந்து நின்ற சற்று நேரத்தில் மரியசெல்வமும் வந்தார்.

"தம்பி குடுத்துட்டான்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"எப்பக் குடுத்தாக? காலைல நான்தான் அவுக கையில கட்டிவிட்டேன். மத்தியானம் பொணமாக் கெடந்தாக. செத்த பொறகு கழட்டுனீகளா, உசுரு இருக்கையிலயே கழட்டுனீகளா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. மரியசெல்வம் கையை ஓங்கினார். பாய் எழுந்து குறுக்கே நின்றார். கடிகாரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போடி! எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு இனி நீ வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று காறித் துப்பினார் மரியசெல்வம்.

அவள் மிதிக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து அவர் இறந்தபோது மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். உறவுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாரும் மண் அள்ளிப் போட்டு முடிக்கும்வரை நின்று பார்த்தாள். சிலுவை அடையாளம் போடவில்லை. ஜெபிக்கவும் இல்லை.