கழுவின கறி

ஹூஸ்டனில் இன்றைக்கு எனக்கு மூன்று ஹோட்டல். படித்தது ஐந்தாம் வகுப்பு. பெருமையடிக்கிறான் என்பார்கள். உழைத்தவன் அடிக்காமல் வேறு யார் அடிப்பது? ஆனாலும் ஓக் விறகுப் புகை மூக்கில் பட்டால் போதும், மூன்று ஹோட்டலும் மறந்துபோகும். தொண்ணூற்று நாலில் நான் வேலை பார்த்த பார்பெக்யூ கடைக்கே போய்விடுவேன். முன்பக்கம் பார், பியர், கிதார் பாட்டு. பின்பக்கம் லாரி நீளத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. மாட்டு நெஞ்சுக்கறியைத் தீயில் காட்டாமல் புகையிலேயே பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள்.

இரண்டு வருஷம் அங்கே தட்டு கழுவினேன். தூத்துக்குடியில் பெண்டாட்டியும் மகளும் காத்திருந்தார்கள். கிரீன் கார்டு வந்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். அதற்கு முதலாளி கையெழுத்து வேண்டும். அவர் ஆறரை அடி டெக்சஸ்காரர்.

"சனிக்கிழமை அடுப்பை நீ தனியாப் பாரு. கறி சரியா வந்தா சமையல்காரன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா மறுபடி தட்டுதான்" என்றார்.

ஊரில் நான் பிரியாணி மாஸ்டர். ஐம்பது கிலோ கறியைத் தனியாளாக இறக்கியவன். விடிகாலையிலேயே போய்விட்டேன். குளிர் அறையில் பன்னிரண்டு பெரிய துண்டுகள், மேலெல்லாம் ஏதோ கறுப்பாக அப்பியிருந்தது. கழுவாத கறியை எங்கள் ஊரில் யாராவது அடுப்பில் ஏற்றுவார்களா? தொட்டியில் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன மஞ்சள்தூளைத் தூவி, மூன்று தண்ணீர் விட்டு அலசினேன்.

முதலாளி உள்ளே வந்தார். "என் மசாலா எங்கேய்யா?"

"மசாலாவா?"

"உப்பும் மிளகும். ஊறட்டும்னு நேத்து என் கையால தடவி வெச்சேனே."

தொட்டியின் அடியில் மிளகு கறுப்பாக அடைத்துக்கொண்டு நின்றது. 'பாஸ்போர்ட் எடுத்துடு' என்று முந்தின வாரம்தான் பெண்டாட்டிக்குப் போனில் சொல்லியிருந்தேன்.

"குளிப்பாட்டியாச்சு, பவுடர் போடலையா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உதவவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

கறியைத் துடைத்து, மறுபடி உப்பும் மிளகும் தடவி ஏற்றினேன். பகல் முழுக்க அடுப்பை விட்டு நகரவில்லை. சூடு ஏறினால் கதவைத் திறப்பேன், இறங்கினால் ஒரு கட்டை வைப்பேன். சாயங்காலம் அவர் ஒரு துண்டு அறுத்து வெகுநேரம் மென்றார்.

"உப்பு உள்ளே இறங்கல. ஆனா நெருப்பைப் பார்க்கத் தெரியுது உனக்கு."

கறி வெட்டும் பலகையிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் கொழுப்புக் கறை. இது என்ன என்று கிரீன் கார்டுக்கு மனு எழுதிய வக்கீல் கேட்டார். கறி எண்ணெய் என்றேன்.

மூன்று வருஷம் கழித்து ஏர்போர்ட்டிலிருந்து நேரே பெண்டாட்டியையும் மகளையும் அந்தக் கடைக்குத்தான் கூட்டிப்போனேன். இப்போது அந்த இடத்தில் ஒரு பாங்க் இருக்கிறது. அன்றைக்குப் பாருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். முதலாளியே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பெண்டாட்டி ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, கறியைக் கழுவினாங்களா?"

"கழுவினா உப்பு இறங்காது. சாப்பிடு" என்றேன்.