ஹிர்மா பறித்த காளான்

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு இருக்கலாம் என்று எங்கள் மலையில் ஊரே ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தேனடைக் காளான் முளைக்கும் இடம். பனி உருகி முதல் இடி இடித்ததும் தேவதாருக் காட்டுக்குள் ஆளுக்கொரு பக்கமாகப் போவோம். எதிரில் யாராவது வந்தால் சுள்ளி பொறுக்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். எங்கே கிடைத்தது என்று வாயைத் திறந்து கேட்பது அவ்வளவு கேவலம். என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். அன்றைக்கு ரொட்டியை அவரே சுட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ஹிர்மா அண்ணியை இதில் மிஞ்ச ஆளில்லை. மேற்கே போக வேண்டுமென்றால் கிழக்கே கிளம்புவாள். திரும்பும்போது முதுகுக்கூடை நிறைந்திருக்கும், மேலே துணி மூடியிருக்கும். அவள் வந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் புருஷன் தாலே ராம் அண்ணன் ஆடி அசைந்து வருவார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க, நிம்மோ அப்பா?"

"டீக்கடையில ரெண்டு கை சீட்டு."

"பொண்டாட்டி காட்டுல அலையறா, இவருக்குச் சீட்டு!" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே பீடி பற்றவைப்பார். வசந்தம் வந்தால் சோம்பேறியாகிவிடும் மனுஷன் என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருஷம் அவர்கள் மகள் நிம்மோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வைக்கும் முதல் சோற்றில் பெண்ணைப் பெற்றவள் தன் கையால் பறித்த காளான் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள், "யார் கை பறிச்சது?" என்று சபையில் கேட்பாள். "என் கை" என்று பதில் வந்த பிறகுதான் அவன் வாயில் வைப்பான்.

ஹிர்மா தினமும் போனாள். தினமும் வெறுங்கூடையோடு வந்தாள்.

"இந்த வருஷம் முளைக்கலடி" என்றாள் என்னிடம்.

என் வீட்டு அடுப்புக்கு மேலே சரம் சரமாகக் காய்ந்துகொண்டிருந்தது. "என்னோடதுல கொஞ்சம் எடுத்துக்கோயேன் அண்ணி" என்றேன்.

"எம் பொண்ணு சோத்துல உன் கையா?" என்று சீறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் தாலே ராம் அண்ணன் அவளுடைய ரப்பர் செருப்பில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினார். அடியில், பள்ளங்களுக்குள், நசுங்கிய காளான். இரண்டு செருப்பிலும். முளைக்காமல் இல்லை. இவள் பார்க்காமல் மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுப்படியில் ஹிர்மா உப்பு டப்பாவைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை. தெரிந்தால் ஆஸ்பத்திரி, மருந்து என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று பனிக்காலம் முழுக்க மறைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. அவர் செருப்பைக் கழுவி அடுப்போரம் காய வைத்தார்.

மறுநாள் காலையில், "நானும் வர்றேன்" என்றார்.

"எதுக்கு?"

"கரடி முழிச்சிருக்கும்."

"இத்தனை வருஷமா முழிக்காத கரடியா?"

அவர் கூடையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டார். அவள் வழக்கம்போல கிழக்கே திரும்பினாள்.

"இன்னிக்குச் சுத்த வேணாம் ஹிர்மா. எனக்கு முட்டி வலி" என்று சொல்லிவிட்டு அவர் மேற்கே இறங்கினார். ஓடையைத் தாண்டினார், முள்ளை ஒதுக்கிப் பிடித்து அவளை விட்டார், நேராகப் போய் நின்றார். அவள் யாருக்கும் சொல்லாத இடம்.

ஹிர்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். "எப்பலேருந்து தெரியும்?"

"நிம்மோ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து. கரடி நடமாடற காட்டுல உன்னைத் தனியா விடுவேனா? தூரமா பின்னாலயே வந்துட்டு, நீ வீட்டுக்குப் போனதும் வருவேன்."

"அப்ப சீட்டு?"

"எனக்குச் சீட்டு ஆடவே தெரியாது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இன்னும் உள்ள ஒரு இடம் தேடுவ. எவன் நடக்கறது?"

"இத்தனை வருஷத்துல ஒண்ணுகூடப் பறிக்கலையா?"

"உன் இடமாச்சே" என்றார். பிறகு, "உக்காரு. ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு. ஒண்ணு இருந்தா பக்கத்துலயே கூட்டம் இருக்கும்னு நீதான சொல்லுவ."

அவர் காளானைத் தொடவில்லை. அவள் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். விரலில் அந்தக் குழிக் குழியான உடம்பு பட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கிள்ளினாள். அவர் கையை நகர்த்த நகர்த்த, அவள் பறித்துக்கொண்டே போனாள். இதையெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். இடம் எது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று நெய் மணக்கும் சோறு மாப்பிள்ளை முன்னால் வந்தது. மேலே காளான்.

"யார் கை பறிச்சது?" என்று கேட்டாள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவள்.

"என் கை" என்றாள் ஹிர்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, ஊரே கேட்கும்படி சொன்னாள்: "கண்ணு மட்டும் அவரோடது. எனக்கு இப்ப சரியாத் தெரியறதில்ல."

தாலே ராம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தரையில் பீடியைத் தேடினார். பீடி காதில் இருந்தது.

பெரியவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையான தன் பேரன் தோளைத் தட்டினாள்.

"அப்ப ரெண்டு வாயா அள்ளிச் சாப்பிடுப்பா" என்றாள்.