தொட்டியில் கரைந்த சரக்குக் கப்பல்

மெல்பேர்னில் எங்கள் வீட்டுக் கைக்குட்டைகள் எல்லாம் ஒருகாலத்தில் கப்பல்களாக இருந்தவை. எழுபதுகளில் அப்பா ஒரு பழைய கப்பல் கட்டும் தளத்தில் படம் வரைபவராக வேலை செய்தார். முன்பெல்லாம் அங்கே கப்பல் படங்களைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய மெல்லிய துணியில்தான் மையால் வரைவார்களாம். வேண்டாம் என்று கழித்த படங்களை வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வெந்நீரில் ஊறவைத்தால் கஞ்சியும் மையும் கழன்று நல்ல துணி மிஞ்சும். அம்மா அதில் கைக்குட்டை தைத்தார். பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டையும் தைத்தார். ஊறப்போடுவது என் பொறுப்பு. எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா ஒரு சுருளை நெஞ்சோடு அணைத்தபடி ரயிலில் வந்தார். முதலாம் உலகப்போரின்போது சரக்குக் கப்பல்களுக்குத் தட்டுப்பாடு வர, கோதுமை ஏற்றுவதற்காக அந்தத் தளம் கட்டிய முதல் கப்பலின் படம் அது. தளத்தின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள், மிஞ்சியிருக்கும் ஒரே படத்தைப் பிரதி எடுக்கத் தன்னிடம் தந்திருக்கிறார்கள் என்று இரவுச் சாப்பாடு முழுக்க அதையே சொன்னார். நான் எங்கே கேட்டேன்? பருப்பில் கிடந்த மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அப்பா சவரம் செய்யப் போன நேரம், மேசையில் கிடந்த சுருளை எடுத்து வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தினேன். கடமை தவறாமல் இரண்டு தரம் கசக்கியும் விட்டேன்.

அம்மாதான் முதலில் கண்டார். "ஐயோ, உந்தப் படத்தை ஏனடி ஊறப்போட்டனி?"

முகத்தில் பாதிச் சோப்போடு அப்பா ஓடிவந்தார். தண்ணீர் கறுத்திருந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அழாதை பிள்ளை. மேசையில வச்சது என்ர பிழை."

திங்கட்கிழமை வேலையால் வந்து அம்மாவிடம் சொன்னார்: "நான்தான் நனைச்சுப்போட்டன் எண்டு சொன்னனான். பிள்ளையைக் குற்றம் சாட்ட ஏலுமே?"

அதன் பிறகு அப்பா எந்தப் படமும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. வீட்டில் வரையும் வேலை இல்லாமல் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். தம்பி பிறந்து, அந்தத் துணியில் தைத்த சட்டையோடு அவர் மடியில் இருந்தான். தூரத்தில் போகும் கப்பல்களை அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவரை நம்பி ஒரு தாளைக்கூடக் கொடுத்தனுப்பக் கப்பல் தளத்தில் இனி யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

"இனி எல்லா ஞாயிறும் இப்பிடியே வருவமா அப்பா?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றார்.