சவரி அண்ணன் நடந்த என் அப்பாவின் நடை

"டீச்சர், சவரி அண்ணன் போயிட்டாருலா" என்று கம்போங் ராஜாவிலிருந்து போன் வந்தபோது, "சும்மா இருங்க, அவர் சாகாத நாடகம் எது?" என்று சிரித்துவிட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே, மேடையில் செத்து விழுவார், நாலு பேர் தூக்க வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "தேத்தண்ணி வந்துருச்சா?" என்பார். போனில் யாரும் சிரிக்கவில்லை.

சவரிமுத்து பகலில் மலைமேல் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கும் லோரி ஓட்டுநர். மாலையில் மாரியம்மன் திருவிழாவோ மாதா கோயில் விழாவோ, மேடையில் அவர்தான் கோமாளி. ஈப்போ, கோலாலம்பூர் மண்டபங்கள்வரை போனார். ஒருமுறை நேரமாகிவிட்டதென்று தக்காளிக் கூடைகளோடு லோரியை மண்டப வாசலிலேயே நிறுத்திவிட்டு, சேற்று பூட்ஸோடு மேடையேறினார். அப்பப்பா, அன்று எழுந்த கைத்தட்டல்!

ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது 'கிராணி ஆட்டம்'. முழங்கால்வரை இழுத்த காலுறை, காதில் பென்சில், சரிவில் இறங்குவதுபோல் பக்கவாட்டாக இரண்டடி, ஒரு நிறுத்தம், ஒரு இருமல். அந்தக் கிராணி என் அப்பா. தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். திருவிழா அன்று கோமாளி யாரையும் கிண்டல் செய்யலாம், மறுநாள் எவரும் கேட்கக்கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பள்ளியில் என் பட்டப்பெயரே 'பக்கவாட்டு'.

அப்பா இறந்து பல வருடம் கழித்து, தானா ராத்தாவில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குச் சவரி அண்ணனை அழைத்தார்கள். வரவேற்கும் பொறுப்பு என் தலையில். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "அண்ணே, கிராணி ஆட்டம் மட்டும் வேணாம்."

"சரிம்மா" என்றார் நல்ல பிள்ளையாக.

"கோமாளி ஆவணும்னா என்ன படிக்கணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "மொதல்ல லோரி லைசென்ஸ் எடு. சிரிப்பு சோறு போடுற வரைக்கும் லோரி போடும்லா!" என்றார். அதையே மலாயிலும் சொன்னார். மண்டபமே அதிர்ந்தது. "எல்லாரும் சிரிக்கிறப்ப, சிரிக்காத ஆளத் தேடு. அவங்களுக்குத்தான் ஆட்டம்" என்றும் சொன்னார்.

பின்வரிசை தோட்டத்துப் பிள்ளைகள், "கிராணி! கிராணி!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். பாவி மனுஷன், எழுந்துவிட்டார்!

பக்கவாட்டாக இரண்டடி. நிறுத்தம். இருமல். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் எந்தத் திருவிழாவிலும் செய்யாத ஒன்றைச் செய்தார். திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டி, இரண்டு விரலை ஆட்டினார். மழை பெய்து வழுக்கும் பாதையில் அப்பா எனக்கு விரல் கொடுப்பது அப்படித்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் சரிவில் இறங்குவேன். "அப்பா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"அது எப்படிண்ணே உங்களுக்குத் தெரியும்?" என்று பிறகு கேட்டேன்.

"தோட்டத்து லைன் வீட்லேருந்து தெனமும் பாப்பேன்லா. அது ஊரு சிரிக்கிறதுக்கு இல்ல, அதான் திருவிழால வைக்கல."

"இன்னிக்கு மட்டும்?"

"ஒரே ஒரு ஆள் சிரிக்காம இருந்துச்சே."

அப்பாவைப் படமெடுத்த வீடியோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் அவரை மறித்து, "அண்ணே, ஒரு தடவை!" என்பேன். திரிங்காப் சாலை ஓரம் லோரியை நிறுத்திவிட்டு நடந்து காட்டுவார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்க்கும். இவர் போனால் அந்த நடையும் போய்விடுமே என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அடக்கத்தன்று அவர் வீட்டில் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி ரோஸ்லின் அக்காதான் வாய் திறந்தார். "என்னலா இது, கோமாளி வீட்ல இவ்ளோ அமைதி? யாராவது அவரு மாதிரி ஒன்னு செய்ங்களேன்."

கிராணி மகள் நான் எழுந்தேன். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, காதில் பேனா வைத்து, பக்கவாட்டாக இரண்டடி. நிறுத்தம். இருமல். கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ரோஸ்லின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பிப் பார்க்காமலே இடது கையைப் பின்னால் நீட்டி, இரண்டு விரலை ஆட்டினேன்.

அக்கா வந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.