மீன் காட்சியில் விட்ட கை

நாரணாபுரம் தங்கத்தாய்க்குத் தினமும் பட்டாசு ஆலை வேலைக்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. வாசலில் ஆலை வேன் ஹாரன் அடிக்கும்போது, மகள் பாண்டிச்செல்வியின் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஏழு வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பிடி! அப்பன் கருப்பணன் வெடி விபத்தில் போனதிலிருந்து இந்தக் கூத்துதான்.

“உன்னைய விட்டுட்டு அம்மா எங்கனயும் போயிர மாட்டேன்டி” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுவாள். வேறென்ன செய்ய? உலை கொதிக்க வேண்டாமா?

வெடிமருந்து அறையில் ‘புஸ்’ஸென்று சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு, யாரையும் பார்க்காதே. ஆலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. கருப்பணன் அடுத்த அறை ஆளைக் கூப்பிடத் திரும்பினான், போய்ச் சேர்ந்தான். ‘நானும் போயிட்டா இந்தப் பிள்ளைக்கு நாதியில்ல. சத்தம் கேட்டா ஓடிரணும்’ என்று தங்கத்தாய் அன்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிச் சொல்லி வைத்திருந்தாள்.

2006-ல் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ப் பொருட்காட்சியில் பெரிய மீன் காட்சி போட்டிருந்தார்கள். “பிள்ளைக்குப் பயம் தெளியட்டும், கூட்டிட்டுப் போவோம்” என்றாள் பக்கத்து வீட்டு முருகம்மாள். மூவரும் பஸ் ஏறினார்கள்.

உள்ளே இருட்டு. கண்ணாடித் தொட்டிகளில் மட்டும் நீல வெளிச்சம். சிங்கி இறால் மீசையை ஆட்டியது. திருக்கை மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வயிற்றைக் காட்டியது.

“எம்மா, அதுக்கு வாய் அடியில இருக்கு!”

அப்பன் போனபின் பிள்ளை சிரித்தது அன்றைக்குத்தான். தங்கத்தாய்க்கு வயிறு குளிர்ந்தது. கடலாமைத் தொட்டியில் பிள்ளை ஒரு கையைக் கண்ணாடியில் வைத்தாள். இன்னொரு கை அம்மா கையில்.

அந்த நேரம் பார்த்தா தொட்டிக்குக் காற்று விடுகிற குழாய் கழல வேண்டும்! ‘புஸ்ஸ்’ஸென்று சீறியது.

“ஏ, ஓடுங்க!” என்று அலறினாள் தங்கத்தாய்.

யோசிக்க எங்கே நேரம்? ஆட்களை இடித்துத் தள்ளி, வாசல் தாண்டி, அப்பளக் கடை தாண்டி, ராட்டினத்துக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து காதைப் பொத்தினாள். எதுவும் வெடிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பாவிகள்! தங்கத்தாய் தன் கையைப் பார்த்தாள். வெறுங்கை.

முருகம்மாள் பிள்ளையைக் கூட்டி வந்தாள். “ஏ தங்கம், காத்துக் குளாய்தான் களண்டுச்சு, ஒண்ணுமில்ல.” பாண்டிச்செல்வி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

“அம்மா உனக்காகத்தான்டி...” என்று ஆரம்பித்தாள். பிள்ளைக்காக ஓடினேன் என்று, அந்தப் பிள்ளையையே விட்டுவிட்டு ஓடியவள் எந்த வாயால் சொல்வாள்?

மறுநாள் வேன் ஹாரன் அடித்தது. தங்கத்தாய் பழக்கத்தில் கையை நீட்டினாள். பாண்டிச்செல்வி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

“செத்த நேரம் பிடிச்சுக்கடி” என்று கெஞ்சினாள்.

“போம்மா, வேன் நிக்கிதுல்ல” என்றாள் பிள்ளை.