கூரை இருந்த இடத்தில் தேயிலை

கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில், வேலை நேரம் போக வேறென்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். இணையத்தளம் செய்கிறவர்களிடம் இதைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பக்கவேலையாக எதையாவது நோண்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தொழிலில் ஆர்வம் உண்டு என்பது அவர்கள் எண்ணம். பெரகலச் சந்தியில் நிற்கும் பஸ்களின் நேரங்களை ஒரு இணையப் பக்கமாகப் போட்டிருந்தேன் என்றேன். யார் பார்த்தார்கள் என்றார்கள். பெரும்பாலும் நான்தான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் கணினி இல்லை, கணினி வைத்திருந்தவர்கள் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. சிரித்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். என் உண்மையான பக்கவேலை கொழுந்து பறிப்பது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளைக் கடைவீதியில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் கணினி வகுப்பு நடந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று சேர்ந்தேன். நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வகுப்பு முடிந்ததும் என்னையே வேலைக்கு வைத்துக்கொண்டார். இணையப் பக்கம் செய்வது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் காலத்தில் அந்தக் கொஞ்சமே தாராளம். நகைக்கடை, கல்யாண மண்டபம், ஒரு டியூஷன் வகுப்பு என்று வரிசையாகச் செய்தேன். நகரத்திலேயே ஒரு போர்டிங்கில் தங்கியிருந்தேன்.

அதே சமயத்தில், பெரகலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று செக்ரோலில் பேரை வெட்டினார்கள். வேலையாட்களின் பேர் இருக்கிற பதிவு அது. வீட்டில் ஒருவர் பேராவது அதில் இருந்தால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், காம்பரா, இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்பா உயிரோடு இல்லை, நான் ஒரே பிள்ளை. அம்மா கல்யாணமாகி வந்து புகுந்த அறை அது. அதை விட்டால் அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

கங்காணி எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலிலேயே நின்று சொன்னார்.

“புள்ள, ஒன் பேர பதிஞ்சிருவோம். லீவு நாள்ல வந்து மலையில நில்லு, மத்தத நான் பாத்துக்குறேன். ஆனா வெளிய வேல பாக்குறன்னு தொரை காதுல விழுந்துச்சு, அன்னைக்கே காம்பரா போயிரும். பாத்துக்க.”

அம்மா என்னைக் கேட்கவில்லை. “பதிஞ்சிருங்கண்ணே” என்றாள்.

இப்படித்தான் நான் இரண்டு வேலைக்காரியானேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரகலயில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுவேன். சொல்லிக்கொள்ளும்படி நான் பறிக்கவில்லை, என் கூடையைப் பார்த்துப் பக்கத்து நிரைப் பெண்கள் வாய்விட்டே சிரிப்பார்கள். திங்கட்கிழமை விரலெல்லாம் கொழுந்துக்கறையோடு கணினி முன்னால் உட்காருவேன். தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

“விரலுக்கு என்ன நடந்தது?” என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

“வாழைக்காய் வெட்டினேன் சார்.”

“ஒவ்வொரு திங்களும் வாழைக்காயோ? உம்மட வீட்டில வேற கறியே இல்லையோ?”

அவர் நல்ல மனிதர். அதற்குமேல் தோண்டமாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டத்துப் பங்களாக்களை உல்லாசப் பயணிகளுக்கு விடத் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்தை நடத்தும் துரைக்கும் அந்த யோசனை வந்தது. இணையத்தளம் செய்யும் வேலை, வேறெங்கும் போகாமல், எங்கள் மாடிக்கே வந்து சேர்ந்தது. அது என் தோட்டம் என்று நான் முதலாளியிடம் மூச்சுவிடவில்லை. படங்கள் ஒரு சிடியில் வந்தன. முகப்புக்கென்று துரை தேர்ந்தெடுத்த படத்தில் பங்களாவின் புல்வெளி, அதற்குக் கீழே இறங்கிப்போகும் தேயிலை, அதற்கும் கீழே ஓரத்தில் எங்கள் லயத்தின் தகரக் கூரைகள்.

“இந்தக் கூரையள் வடிவில்லையாம். எடுக்கேலுமோ?” என்றார் முதலாளி.

முடியும் என்றேன். பக்கத்திலிருந்த தேயிலைச் செடிகளைத் துண்டு துண்டாக நகலெடுத்துக் கூரைகளின் மேல் ஒட்டினேன். நிழல் விழும் பக்கம் மாறாமல், நிரை பிசகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு முழுக் காலை பிடித்தது. முடித்ததும் உருப்பெருக்கிப் பார்த்தேன், ஒட்டிய இடமே தெரியவில்லை. பெருமையாக இருந்தது. அதுவரை நான் செய்த வேலைகளில் அதுதான் சிறந்தது என்று நினைத்தேன், இதை ஒளிப்பானேன்.

துரை அதைத் தன் கணினியில் நேரில் காட்டச் சொன்னார். முதலாளிக்கு அதை எப்படித் திறப்பது என்றே தெரியாது, ஆகவே நானும் போகவேண்டியதாயிற்று. துரை புதியவர், மலையில் தலைத்துண்டோடு குனிந்து நிற்பவளை அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வான் வண்டியில் ஏறினேன். பங்களா வாசலில் இறங்கியபோது ரோஜாப் பாத்தியில் அம்மா குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பதிவில் சேராத கைக்காசு வேலைக்கு அங்கே கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

விறாந்தையில் உட்கார்ந்தோம். சமையல்காரர் கடைக்குப் போயிருந்ததால், துரை பாத்திப் பக்கம் திரும்பித் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அம்மா கையைக் கழுவிக்கொண்டு தட்டோடு வந்தாள். முதலாளிக்கு நீட்டினாள். பிறகு எனக்கு.

“எடுத்துக்கங்க மிஸ்.”

எடுத்தேன். என் விரல்களை அவள் பார்த்தது தெரிந்தது.

“மிஸ் எந்த ஊரு?” என்றார் துரை. சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுவார்.

“பதுளை டவுனுங்க.”

அம்மா தட்டோடு நின்றாள். துரை அன்று நல்ல மனநிலையில் இருந்தார். கணினியை அவள் பக்கம் திருப்பி, “பாரு, நம்ம பங்களா. உலகம் பூரா பாக்கலாம்” என்றார். அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். நான் செய்த எதையும் அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. காட்டவேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன், லயத்தில் எதை வைத்துக் காட்டுவது? அவள் நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க தொரை,” என்றாள். என் பக்கம் திரும்பி, “மிஸ் செஞ்சதுங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க,” என்றேன். பெற்றவளுக்கு வேறெப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை.

துரைக்குத் தளம் பிடித்துவிட்டது. எதையும் சந்தேகிக்கவில்லை. காம்பரா தப்பியது. திரும்பும் வழியில் முதலாளி என்னைப் பாராட்டிக்கொண்டே வந்தார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பங்களாவைப் பற்றி அவள் பேசமாட்டாள் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டாள்.

“அந்தப் படத்துல, கீழ ஓரத்துல, ஏது தேயில?”

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

“முப்பது வருசமா அந்த மலையில கொழுந்து எடுத்துருக்கேன். அந்த எடத்துல செடி கெடையாது. நம்ம லயமுல்ல இருக்கு.”

“தொரைதாம்மா எடுக்கச் சொன்னாரு.”

“அவரு சொல்லுவாரு,” என்றாள் அம்மா. “நீ எப்புடி எடுத்த?”

எப்படிச் செய்தேன் என்று கேட்கிறாளா, எப்படி மனம் வந்தது என்று கேட்கிறாளா என்று நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. என்னை யாரோ போல மிஸ் என்று கூப்பிட்டு அவள் காப்பாற்றிய காம்பராவின் கூரையைத்தான் நான் அழித்திருந்தேன், அதுவும் பெருமையோடு.

மறுநாள் சனிக்கிழமை. கூடையை எடுத்துக்கொண்டு நேரத்தோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்தேன்.